வெள்ளி விழாவுக்கு என்ன விலை?

“அதெல்லாம் சரிங்க, எவ்வளவு வாங்குவீங்க?”

போனில் அந்தப் பெண்மணி இப்படிக் கேட்டதும் கண்ணாடிக்காரருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“ஹலோ... ஹலோ... லைன் சரியில்லைங்க” என்றார். லைன் மிக நன்றாகவே இருந்தது. அந்த முனையில் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

“சார், இப்ப கேக்குதா? எங்களுக்கு இருபத்தஞ்சாவது கல்யாண நாள். வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணி. சூப்பர் மார்க்கெட் மாடியில ஹால் இருக்கில்ல, அங்கதான். நூறு பேர் வருவாங்க. மூணு மணி நேரம் இருந்து எடுக்கணும். எவ்வளவு ஆகும்?” தொண்டை கட்டியது போன்ற கரகரத்த குரல்.

“நான் இப்ப ஒரு முக்கியமான வேலையில இருக்கேம்மா. அரை மணி நேரத்துல சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

முக்கியமான வேலை எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு, இடது கண்ணை மூடியபடி, பத்து நிமிடமாகச் சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். “தம்பி, இந்தக் கண்ணைத் திறக்கலாமா?” என்று கேட்டார் பாவம்.

அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாகக் கண் பரிசோதிப்பதால்தான் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். நாள் முழுக்க அவர் பேசுவது ஒரே ஒரு வாக்கியம்: “இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா?” வருகிறவர்கள் எல்லோரும் பட்டென்று சொல்லிவிடுவார்கள். கேட்கிறவருக்குத்தான் வாழ்க்கையில் எதையும் பட்டென்று சொல்ல வராது. காபியா டீயா என்று கேட்டாலே ஆறிப்போகும்வரை யோசிக்கிற ஜாதகம்.

அப்படிப்பட்டவர் யோசிக்காமல் செய்த ஒரே காரியம், மூன்று மாதத்துக்கு முன்னால் கேமரா வாங்கியது. அதுவும் துணி துவைக்கும் மெஷினுக்கென்று வைத்திருந்த பணத்தில்.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து குளியலறையில் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம் மட்டும் கூடிவிட்டது. போன மாதம் ஒருநாள் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நிபந்தனையைச் சொன்னாள்.

“அடுத்த மாசம் முடியறதுக்குள்ள அது ஒரு காசாவது சம்பாதிக்கணும். இல்லன்னா என் தம்பி பாதி விலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்றான். கொடுத்துடலாம்.”

மச்சினன் அன்று முதல் வீட்டுக்கு வரும்போதெல்லாம், “அத்தான், என் கேமரா எப்படி இருக்கு? தூசி படாம பாத்துக்குங்க” என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டான்.

கண்ணாடிக்காரருக்குப் பணம் பெரிதில்லை. நாற்பது வயதில் முதல்முறையாக அவருக்கு ஒரு வேலை நன்றாக வந்தது. கடை முதலாளியின் மகள் பிறந்தநாளில் அவர் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு நாலு பேர், “யாரு எடுத்தது?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவர் இரவில் படுக்கும்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பார். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், காசு கொடுத்து அவர் எடுத்த படத்தைக் கேட்க வேண்டும். அது நடக்காமல் கேமரா வீட்டை விட்டுப் போனால் மறுபடியும் அவர் வெறும் ‘இதுவா அதுவா’ தான்.

மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. அப்போதுதான் இந்தப் போன்.

பெரியவரைத் துரிதமாக அனுப்பிவிட்டு முதலாளியிடம் போய் நின்றார்.

“மூணு மணி நேரத்துக்கு எவ்வளவு சொல்லலாம் சார்?”

முதலாளி தலையைத் தூக்காமலே சொன்னார். “பிரேம் வாங்கின விலைக்கா நாம விக்கிறோம்? மூணு மடங்கு. உன் செலவு என்னன்னு எழுது. மூணால பெருக்கு.”

எழுதினார். பஸ், பேட்டரி, ஒரு புதுப் பேன்ட் (பழையதில் பாக்கெட் கிழிந்திருந்தது), படங்களைச் சரிசெய்ய நான்கு நாள் உழைப்பு, தலைவலி மாத்திரை. ஐயாயிரம் வந்தது. பெருக்கினார். பதினைந்தாயிரம் என்று டைப் செய்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

அனுப்பிய நொடியிலிருந்து வயிற்றில் புளி கரைய ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “சரிங்க. யோசிச்சு சொல்றோம்.”

யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு அந்தக் கண்ணாடிக் கடையின் படியிறங்கிய எவரும் பதினோரு வருடத்தில் திரும்பி வந்ததில்லை.

“என்ன தம்பி, மூஞ்சி செத்துப்போச்சு?” என்றார், பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அண்ணன். கதையைக் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினார். “மார்க்கெட் விலை தெரியாம கடை விரிச்சா இப்படித்தான். நம்ம முதலாளி என்ன பண்ணாரு? எதிர்க்கடையில கண்ணு தெரியாதவரு மாதிரி போயி, எல்லா விலையும் கேட்டுட்டு வந்தாரு. நீயும் அனுபவம் உள்ள ஒரு போட்டோகிராபருக்குப் போன் போடு. விசேஷம் இருக்குன்னு சொல்லு. எவ்வளவுன்னு கேளு. முடிஞ்சுது கதை.”

சூப்பர் மார்க்கெட் வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. கண்ணாடிக்காரரின் அட்டை அதில்தான் இரண்டு மாதமாகத் தொங்குகிறது: ‘விசேஷங்களுக்குப் படம் எடுத்துத் தரப்படும். நீண்ட கால அனுபவம்.’ எதில் அனுபவம் என்று போடாததால் அது பொய்யில்லை என்பது அவர் வாதம். அன்று மாலை போய்ப் பார்த்தால் அவர் அட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு அட்டை. ‘தரமான படங்கள். மிக நீண்ட கால அனுபவம்.’

அந்த ‘மிக’வை அவர் இரண்டு தடவை படித்தார். இந்த ஆள் எத்தனை மேடை பார்த்தவனோ! நம்பரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். ஆனால் பேசத் தைரியம் வரவில்லை.

“நீ பேசேன்” என்றார் மனைவியிடம்.

“நானா? என்ன விசேஷம்னு சொல்றது?”

“பொண்ணு பட்டம் வாங்கிட்டா, விருந்து வெச்சிருக்கோம்னு சொல்லு.”

“நம்ம பொண்ணு முதல்ல மூணாங்கிளாஸ் கணக்குல பாஸாகட்டும். பொய் சொல்லச் சொல்றீங்களே, வெக்கமா இல்ல?”

“விலைதானே கேக்கறோம், பொண்ணா கேக்கறோம்? அந்த வேலை கிடைச்சா உனக்கு மெஷின் வந்துடும்.”

மெஷின் என்ற சொல் வேலை செய்தது. அவள் போன் செய்தாள். அவர் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விலை கேட்டதும் அந்தப் பக்கத்து ஆண்குரல் அவசரப்பட்டது.

“அம்மா, நான் இப்ப ஒரு முக்கியமான வேலையில இருக்கேன். அரை மணி நேரத்துல சொல்லட்டுமா? என்னைக்கு, எங்கேன்னு மட்டும் சொல்லிடுங்க.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். “ஞாயித்துக்கிழமை நாலு மணி. சூப்பர் மார்க்கெட் மாடி ஹால்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “அடியே, அங்கதான் நான் வெள்ளி விழா எடுக்கப் போறேன்! அதே நேரம்!”

“வீட்டுக்கு வந்ததிலிருந்து அதையே ஜபிச்சீங்க. அதுதான் வாயில வந்துது. வேற ஹால் பேர் எனக்கு எங்க தெரியும்?”

“சரி போ. பாத்தியா, உடனே விலை சொல்லல. எவ்வளவு வேலை இருந்தா அப்படிச் சொல்வான்! பெரிய ஆளு.”

“நீங்களும் அதையேதானே அந்தம்மாகிட்ட சொன்னீங்க?”

“நான் பயத்துல சொன்னேன். அவன் வேலையில சொல்றான். ரெண்டும் ஒண்ணா?”

அரை மணி நேரத்தில் செய்தி வந்தது. பதிமூன்றாயிரம்.

கண்ணாடிக்காரருக்கு மயக்கம் வராத குறை. ‘மிக நீண்ட கால அனுபவம்’ உள்ளவனே பதிமூன்றுதான் வாங்குகிறான். மூன்று மாதக் கத்துக்குட்டி பதினைந்து கேட்டுவிட்டோமே! அந்தக் கரகரத்த குரலுக்கு உடனே செய்தி அனுப்பினார். “அம்மா, உங்களுக்காக விசேஷத் தள்ளுபடி. பதினொண்ணு.”

அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை.

மறுநாள் காலை மனைவியின் போன் அடித்தது. அந்தப் பெரிய ஆள், கூப்பிடாமலே கூப்பிட்டான். “அம்மா, நேத்து கொஞ்சம் அதிகமா சொல்லிட்டேன். பத்துக்கே பண்ணித் தரேன்.”

“பத்தா!” கண்ணாடிக்காரர் பல் விளக்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமலே எட்டு என்று டைப் செய்து வெள்ளி விழா அம்மாளுக்கு அனுப்பினார். மதியத்துக்குள் மனைவிக்குச் செய்தி: “ஏழு. ஆல்பமும் உண்டு.”

இவர் ஓர் அடி இறங்கினால் அவன் இரண்டடி இறங்கினான். மறுநாள் ஆறு என்றார், ஐந்து என்றான். பதினைந்தில் கிளம்பிய விலை, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக வியாழக்கிழமைக்குள் நாலாயிரத்தில் வந்து நின்றது.

கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. நான் விலை குறைத்த விஷயம் அவனுக்கு எப்படித் தெரிகிறது? யாரோ உளவு சொல்கிறார்கள். லென்ஸ் தேய்க்கும் அண்ணன்தான். வேறு யாருக்குத் தெரியும்?

சோதித்துப் பார்ப்பதற்காக, “அண்ணே, துணிஞ்சு இருபதா ஏத்திட்டேன்” என்று அவரிடம் ஒரு பொய்யை விட்டார். பிறகு கடையின் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டு, குழாயை வேறு திறந்துவிட்டு, “மூவாயிரம்” என்று செய்தி அனுப்பினார். குழாயை மூடி வெளியே வருவதற்குள் மனைவி போன் செய்துவிட்டாள்.

“என்னங்க, அந்த ஆளு ரெண்டரைங்கறார்.”

அண்ணன் நிரபராதி. அப்படியானால் யார்? சுவருக்குக் காது உண்டு என்பார்கள், கழிப்பறைச் சுவருக்குமா?

அன்று பிற்பகல் ஒரு பெண்மணிக்குக் கண் பரிசோதித்தார். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே, “ரெண்டு தெளிவா இருக்கா, ஒண்ணரை தெளிவா இருக்கா?” என்று கேட்டார்.

“ரெண்டும் மங்கலாத்தான் இருக்கு” என்றாள் அவள்.

“எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு” என்றார் கண்ணாடிக்காரர். கண்ணில் நீர் முட்டியது.

சனிக்கிழமை காலை அந்தப் பெரிய ஆள் கடைசி அம்பை விட்டான். “அம்மா, ஆல்பம் செலவு மட்டும் கொடுத்தா போதும். என் உழைப்புக்குக் காசே வேணாம்.”

கண்ணாடிக்காரருக்கு அதற்கு மேல் புத்தி வேலை செய்யவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? வெள்ளி விழா அம்மாளை நேராகவே கூப்பிட்டார்.

“அம்மா, எல்லாமே இலவசம். ஆல்பம், பஸ் செலவு எல்லாம் என்னோடது. நீங்க ஒரு காசு கொடுக்க வேணாம். வரட்டுமா?”

“சும்மாவா?” என்றது கரகரத்த குரல். சந்தோஷப்பட்ட மாதிரியே தெரியவில்லை. “ஐயோ... எதுக்குங்க... சரி... வாங்க.”

“அம்மா, உங்களை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன்!”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மனைவி சோப்பு நுரைக் கையோடு நின்றிருந்தாள்.

“வேலை கிடைச்சிடுச்சு!” என்றார்.

“காசு?”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேலைக்கு அலைந்த அலைச்சலில் அவள் போட்ட நிபந்தனை மறந்தே போயிருந்தது.

“பதினஞ்சாயிரம் கேட்ட மனுஷன் இப்ப பஸ் செலவும் நம்மளதுங்கறீங்க. அவங்க வீட்டுப் பாத்திரத்தையும் கழுவி வெச்சுட்டு வாங்களேன்!” என்றவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “உங்க படம் அவ்வளவு மட்டமாங்க? என்னை ஜன்னல்கிட்ட வெச்சு எடுத்தீங்களே ஒண்ணு. அதுக்கு விலையே கிடையாதா?”

அவளுக்கு அந்தப் படம் நினைவிருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பதினைந்து நிமிடத்தில் அவள் போன் மறுபடி அடித்தது. பேசிவிட்டு வந்தவள் முகம் வெளுத்திருந்தது.

“அந்த ஆளு ஆல்பமும் சும்மாத் தரேங்கறார். விருந்தே இல்லைன்னு சொல்லிடலாம்னுதான் வாயைத் திறந்தேன். ‘நீங்க நல்லா இருக்கணும்மா, எனக்கு ஒரு வழி காட்டினீங்க’ன்னு தழுதழுக்கறார். எப்படிச் சொல்றது? சரின்னுட்டேன்.”

“சரின்னியா! நாளைக்கு அவன் அங்க வந்து நிப்பானே!”

“நிப்பார். நானும் வரேன். நேர்ல மன்னிப்புக் கேட்டு அனுப்பிடறேன். மனசு உறுத்துது.”

ஞாயிற்றுக்கிழமை மாதத்தின் கடைசி நாள். ஆறு மணிக்குப் பணத்தோடு வருவதாக மச்சினன் காலையிலேயே சொல்லிவிட்டான். பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மூன்றரைக்கெல்லாம் கணவனும் மனைவியும் சூப்பர் மார்க்கெட் மாடிப்படி ஏறினார்கள். கண்ணாடிக்காரர் புதுப் பேன்ட் போட்டிருந்தார். கேமராவின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. இன்றோடு சரி, இனி இதைத் தொடமுடியாது என்கிற நினைப்பு.

ஹால் பூட்டியிருந்தது. படியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தாள்.

“எங்க போறீங்க? பைப் உடைஞ்சு மூணு வாரமா ஹால் பூட்டிக் கெடக்கு. உள்ள கணுக்கால் தண்ணி.”

“நாலு மணிக்கு வெள்ளி விழா இருக்கேம்மா? நூறு பேரு வருவாங்க!”

“யாரும் சொல்லலையே. சாவி என்கிட்டதான் இருக்கு.”

கண்ணாடிக்காரருக்குப் பதறியது. பாவம் அந்தப் பெண்மணி! இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்திவிட்டு, நூறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து தண்ணீரில் நிற்கப் போகிறாளே. இரண்டு தடவை போன் போட்டார். எடுக்கவில்லை.

படி துடைக்கும் அம்மாள் அவர் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தாள். “நல்ல கேமராவா இருக்கு. சும்மாதானே நிக்கறே, என்னை ஒண்ணு எடுத்துத் தா. என் பொண்ணு வெளியூர்ல இருக்கா. ‘உன் படம் ஒண்ணு அனுப்பும்மா’ன்னு ரெண்டு வருஷமா கேக்கறா.”

படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அவளை அங்கே கூட்டிப்போனார். “துடைப்பத்தைக் கீழ வைக்க வேணாம், பிடிச்சுக்கங்க. இப்படி வெளிச்சத்தைப் பாருங்க. பொண்ணு பேரு என்ன?” என்று கேட்டார். பெண்ணின் பெயரைச் சொல்ல அவள் வாயெடுத்த நேரத்தில் எடுத்தார். ஆறு நாளில் முதல்முறையாக அவர் வயிற்றில் எதுவும் கரையவில்லை.

அந்த அம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். “நானா இது?” என்றாள். முந்தானையில் முடிந்திருந்த ஒரு நோட்டை அவிழ்த்து அவர் சட்டைப் பையில் திணித்தாள்.

“ஐயோ, வேணாம்மா. இதுக்கு எவ்வளவுன்னு நான்...”

“உன்னை யாரு விலை கேட்டா? வெச்சுக்க.” வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விட்டாள்.

கண்ணாடிக்காரர் சட்டைப் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“தம்பி, ஆறு மணிக்கு வராதேடா. கேமரா விக்கறதில்ல. உங்க அத்தான் சம்பாதிச்சுட்டார்.”

அவருக்கு அப்படியே படியில் உட்கார்ந்து அழலாம் போலச் சந்தோஷமாக இருந்தது. “பாரு, முதல் காசு வந்துடுச்சு. இன்னும் அந்த வெள்ளி விழா அம்மா மட்டும் வந்துட்டாங்கன்னா போதும். வர்ற நூறு பேர்ல பத்துப் பேராவது என்னைக் கூப்பிடுவாங்க.”

கீழே காலடிச் சத்தம் கேட்டது. ஒரு இளைஞன் படியேறி வந்தான். தோளில் புத்தம் புதுக் கேமராப் பை. விலைச்சீட்டுக்கூட இன்னும் பிய்க்கப்படவில்லை. பின்னால் ஒரு இளம்பெண், கையைப் பிசைந்துகொண்டே.

“அவன்தான்” என்று கிசுகிசுத்தார் கண்ணாடிக்காரர். “மிக நீண்ட காலம்.”

மனைவி மூச்சை இழுத்துக்கொண்டு முன்னால் போனாள். “தம்பி, பட்டம் வாங்கின விருந்துன்னு போன் பண்ணது நான்தான். என்னை மன்னிச்சுடுங்க. விருந்தெல்லாம் இல்ல. என் வீட்டுக்காரர் புதுசா படம் எடுக்கறார். வெள்ளி விழாவுக்கு என்ன விலை சொல்றதுன்னு தெரியாம, உங்களைக் கேட்டுப் பாத்தோம்.”

இளைஞன் பையோடு அப்படியே ஈரப்படியில் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். கண்ணாடிக்காரரின் கேமராவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“மன்னிக்கணும் சார்” என்றாள், தொண்டை கட்டியது போன்ற கரகரத்த குரலில். “எங்களுக்குக் கல்யாணம் ஆகி வர்ற மாசத்தோட ஒரு வருஷம்தாங்க ஆகுது.”